ஸ்டிக்கர் மேல் பொட்டு

6

சென்னீர்குப்பத்தைத் தாண்டியதும் ஒரு கன்டெய்னர் லாரி சாலையின் குறுக்கே நின்றுவிட்டது. பெங்களூர் நெடுஞ்சாலை முழுவதும் ஹாரன் சத்தம். என் பழைய வேனின் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்த துலுக்கானம் பொறுமை இழந்து பீடியையும் தீப்பெட்டியையும் வெளியே எடுத்தான். தீப்பெட்டியைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"என் வண்டியில புகை கூடாது."

"வண்டியே பொகைய கக்கிகினு கீது ஐயா. நான் ஒரு இழுப்பு இழுத்தா மட்டும் கொறஞ்சா பூடும்?"

நான் குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் பூந்தமல்லி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவன் துலுக்கானம். அப்போது எனக்குத் தகவல் சொல்லுவான். நான் ஓய்வு பெற்றுத் தனியாகத் துப்பறியத் தொடங்கியதும் ஆட்டோவை விற்றுவிட்டு என்னோடு வந்துவிட்டான். அவன் வாயை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை.

"எவ்ளோ நேரம்தான் இந்தப் பொட்டையே பாத்துகினு ஒக்கார்றது" என்று டாஷ்போர்டைக் காட்டினான். ஆயுத பூஜைக்கு நான் வைத்த பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. "அதென்ன ஐயா, ஊர்ல எல்லாரும் சந்தனம் வெச்சி அது நடுவுல குங்குமம் வெப்பாங்க. நீங்க சந்தனத்துக்குக் கீழ தனியா வெச்சிக்கீறீங்க. நெத்தியில இருக்க வேண்டியது மூக்குக்கு எறங்குன மாதிரி கீது."

"எங்க வீட்டு வழக்கம். ஏருக்கும் மாட்டுக்கும் அப்படித்தான், டிராக்டருக்கும் அப்படித்தான். சந்தையில எத்தனை மாடு நின்னாலும் கோதண்டம் வீட்டு மாடு எதுன்னு பொட்டைப் பார்த்தே சொல்லுவாங்க."

"மாட்டுக்கு ஆதார் கார்டு. சர்தான்."

கைபேசி அடித்தது. தாட்சாயிணி.

"எங்க இருக்கீங்க பெரியப்பா?" அழுது ஓய்ந்த குரல்.

"வந்துட்டே இருக்கேன். வழியில லாரி."

"ஜெயப்பிரியா மேடம் சாயங்காலம் கிடங்குக்கே நேர்ல வர்றாங்க. பார்த்துட்டு இன்னைக்கே அறிக்கை அனுப்பிடுவாங்களாம். என் பேர்ல வழக்கு போடச் சொல்லி. அதுக்கப்புறம் எது கிடைச்சாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

"நிமிர்ந்து நில்லு. நான் பார்த்துக்கறேன்."

"அந்தக் குழந்தைக்கு இன்னும் ட்ரிப்ஸ் ஏறிட்டுதான் இருக்கு பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தாட்சாயிணி என் தம்பி மகள். தம்பி போன பிறகு என் வீட்டில் வளர்ந்தவள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் உணவுப் பொருளைச் சோதிக்கும் அதிகாரி; ஜெயப்பிரியா அவளுடைய மேலதிகாரி. துறைமுகத்தில் இடநெருக்கடி என்பதால் சில கன்டெய்னர்கள் வைத்த சீலோடு செம்பரம்பாக்கத்துக் கிடங்குகளுக்கு வந்துவிடும். அதிகாரிகள் இங்கே வந்து பிரித்துப் பார்த்து மாதிரி எடுப்பார்கள். ஆய்வக முடிவு வரும்வரை ஒரு பெட்டி வெளியே போகக்கூடாது. அப்படி வந்த பேரீச்சம்பழத்தில் அவள் மாதிரி எடுத்தாள். ஆய்வகம் நல்ல பழம் என்றது. அவள் சான்று கொடுத்தாள். சில நாட்களில் ஆவடியில் ஒரு வளைகாப்பில், தாம்பூலப் பையில் போட்ட அந்தப் பழத்தைத் தின்ற பெண்களும் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில் போய் விழுந்தார்கள். கிடங்கில் மிச்சமிருந்த பெட்டிகளைத் திறந்தால் புழு.

கிடங்கு எங்களுடையது. எங்கள் நிலத்தில், என் அப்பா பெயரில், என் மகன் தமிழரசு நடத்துவது. வேலையைக் கணினி ஒதுக்கியபோதே, "அது என் அண்ணனோட இடம், வேற யாரையாவது அனுப்புங்க" என்று தாட்சாயிணி மேலிடத்தில் சொல்லிப் பார்த்தாள். ஆள் இல்லை, நீயே போ என்றார்கள். இப்போது அதையே குற்றமாக்குகிறார்கள். அண்ணன் கதவைத் திறந்துவிட்டான், தங்கை கண்ணை மூடிக்கொண்டாள் என்று ஊரில் பேச்சு. எங்கள் வீட்டு வாசற்படியில் இதுவரை அப்படி ஒரு பேச்சு ஏறியதில்லை. இன்று சாயங்காலத்துக்குள் அதை இறக்கியாக வேண்டும்.

லாரி நகர்ந்தது.

*

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. மதகு திறப்பார்களா என்று கரையில் ஒரு கூட்டம் நின்று வானத்தைப் பார்த்தது. கிடங்கு வாசலில் 'கோதண்டம் சேமிப்புக் கிடங்கு' என்ற பலகை. அதை நிமிர்ந்து பார்க்காமல் நான் உள்ளே போனதில்லை.

உள்ளே புளித்த நெடி முகத்தில் அறைந்தது.

"இது பேரீச்சம்பழமா, சுண்டக்கஞ்சியா?" துலுக்கானம் துண்டால் மூக்கைப் பொத்தினான். "எலிகூட மோந்து பாத்துட்டு, வாணாம் மாமேன்னு பூடும்."

தமிழரசு வேகமாக வந்தான். கழுத்தெல்லாம் வியர்வை. "வாங்கப்பா. டீ சொல்லட்டா?"

"அப்புறம்."

அவனுக்குப் பின்னால் ஒருவர் கூண்டுப் புலிபோல் நடந்துகொண்டிருந்தார். அம்பத்தூர் கார்த்திகேசன். பழத்தை இறக்குமதி செய்தவர்.

"வரதன் சார், உங்க வீட்டுப் பொண்ணு சான்று குடுத்த சரக்கு இது" என்றார். "என் கடை வாசல்ல வந்து ஜனங்க கத்திட்டுப் போறாங்க. நான் வரவழைச்சது நல்ல பழம் சார். கன்டெய்னரைத் திறந்த அன்னைக்கு நானே ஒண்ணு தின்னேன்."

"அப்ப இது யாரோட சரக்கு?"

"அதை உங்க வீட்டுலதான் கேக்கணும்."

"வார்த்தையை அளந்து பேசுங்க. எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லை."

"அப்பா, விடுங்க" என்று தமிழரசு என் கையைப் பிடித்தான். அவன் கை சில்லென்று இருந்தது. பாவம், பையன் எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ என்று நினைத்தேன்.

பெட்டிகள் மூலையில் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றைத் திறந்து காட்டினார்கள். மேலே சர்க்கரைப் பாகு தடவிய பளபளப்பு. கீழே விரல் பட்டால் குழைந்தது. நான் பழத்தை விட்டுவிட்டுப் பெட்டியின் முகத்தைப் பார்த்தேன். அந்நிய எழுத்தில் அச்சடித்த அட்டை. அதன் மேல் நம் நாட்டு விதிப்படி ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர். அதில் கார்த்திகேசனின் முகவரி, சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி. முகப்பு வரிசைப் பெட்டிகளில் மட்டும் ஸ்டிக்கரின் மேல் பொட்டு வைத்திருந்தது. நல்ல, ஒழுங்கான பொட்டு. யாரோ முறை தெரிந்தவர் வைத்தது.

டார்ச்சை அருகில் கொண்டுபோனேன். சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. அடியில் ஸ்டிக்கரின் வெள்ளை.

"தமிழு, இந்த ஸ்டிக்கர் எப்ப ஒட்டினது?"

"அனுமதி வந்ததுக்கு அப்புறம்தாம்பா. அட்டையில நம்ம ஊர் விவரம் இல்லைன்னு தாட்சா எழுதி அனுப்பியிருந்தா. ஒட்டிக்கலாம்னு உத்தரவு வர்றதுக்குள்ள ஆயுத பூஜை லீவெல்லாம் முடிஞ்சிடுச்சு. ஒட்டின பிறகு அவளே வந்து பார்த்து போட்டோ எடுத்துட்டுப் போனா."

"பூஜை அன்னைக்குப் பெட்டியில ஸ்டிக்கர் இல்லை?"

"எப்படி இருக்கும்?" என்றான்.

நான் வெளியே வந்தேன். துலுக்கானம் பின்னாலேயே ஓடிவந்தான்.

"இன்னா ஐயா, மூஞ்சி திடீர்னு பிரகாசமா கீது?"

"பொட்டு எதுக்கு மேல இருந்துச்சு?"

"ஸ்டிக்கர் மேல." ஒரு கணம் நின்றான். "ஆனா ஸ்டிக்கர் வந்தது பூஜைக்கு அப்பால. அடங்கொக்கமக்கா. வளைகாப்பு முடிஞ்சப்புறம் பொண்ணு பாக்க வந்த மாதிரி கீதே."

"பூஜை அன்னைக்கு வெச்ச பொட்டு இல்லை அது. பிறகு யாரோ வெச்சது. ஏன் வெச்சான்?"

"சாமி மேல ரொம்பப் பக்தி?"

என் கைபேசியில் தாட்சாயிணி அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன். தூரத்திலிருந்து எடுத்த அடுக்கு. முகப்புப் பெட்டிகளில் செக்கச் செவேலென்று புள்ளிகள் தெரிந்தன. பெட்டியில் எந்த இடத்தில் என்பது மட்டும் தெரியவில்லை.

"துறையோட கோப்புல இந்தப் படம் இருக்கு. நல்ல சரக்கைக் கிளப்பிட்டுக் கெட்ட சரக்கை அடுக்கினவன், படத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும்னு பொட்டும் வெச்சிட்டான். ஆனா புது ஸ்டிக்கரை முதல்ல ஒட்டிட்டு, அதுக்கு மேல வெச்சிட்டான். தாட்சாயிணி பார்த்தது வேற பெட்டி. இது வேற பெட்டி."

"கெட்ட சரக்கு வானத்துலேர்ந்தா குதிச்சிது?"

"போன வருஷம் கார்த்திகேசனோட இதே பழச் சரக்கு ஒண்ணு தேறலை. புழு வெச்சிருந்தது. அழிக்கச் சொல்லி உத்தரவு. இங்கேருந்துதான் குழிக்குப் போச்சு."

"போச்சா? போனதா சொன்னாங்களா?"

"தமிழரசு முன்னால நின்னு புதைச்சான்."

துலுக்கானம் திரும்பிக் கிடங்கைப் பார்த்தான். நான் கார்த்திகேசனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். புதைக்கப் போன வண்டியைப் பாதி வழியில் திருப்ப, ஒரு வியாபாரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வாசல் காவலாளியிடம், பூஜையன்று உள்ளே பொட்டு வைத்தது யார் என்று கேட்டோம்.

"எல்லம்மாவும் அவங்க கூட இருந்த லோடு தூக்குற பொம்பளைங்களும் ஐயா. இப்ப அவங்க இல்ல. ஸ்டிக்கர் ஒட்டி முடிச்ச கையோட நிறுத்திட்டாங்க. வேற ஆளுங்க வந்து செஞ்சிட்டுப் போறாங்க. எல்லம்மாவுக்குக் குத்தம்பாக்கம்."

"யார் நிறுத்தினது?"

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "தெரியாதுங்க ஐயா."

*

குத்தம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்புறம் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. எல்லம்மா அங்கே மணல் சலித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்தும் சல்லடையைக் கீழே வைக்கவில்லை.

"இன்னா, திரும்ப வேலைக்குக் கூப்புட வந்தீங்களா? வர மாட்டேன்."

"நீ வந்தா குடோனே தாங்காது. இருக்குற புழுவே போதும்" என்றான் துலுக்கானம்.

"ஏ அண்ணாத்தே, உன் வாய்ல இந்த மணலக் கொட்டிடுவேன்."

"கொட்டு. ஊடு கட்டிக்கிறேன்."

அவள் சிரித்துவிட்டாள். நான் கேட்டேன்: "பூஜை அன்னைக்குப் பேரீச்சம்பழப் பெட்டிக்குப் பொட்டு வெச்சது நீயாம்மா?"

"நாங்கதான் ஐயா. ஓனரு ஆபீஸ் ரூமுக்கும் அந்த லோடு தூக்குற வண்டிக்கும் வெச்சிட்டு, கார்ல பூட்டாரு. உள்ள முச்சூடும் நாங்க பொம்பளைங்கதான். எங்களுக்குச் சோறு போடுற பெட்டி ஆச்சே."

"அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டினது?"

"அதுவும் நாங்கதான். எல்லாப் பெட்டியிலயும் ஒரே எடத்துல ஒட்டணும்னு சொன்னாங்க. ஒட்டுனா பொட்டு மேல ஒக்காருது. சாமிக்கு வெச்ச பொட்டு மேல பசை தடவி ஒட்டுவாங்களா எவளாவது? முன் வரிசையில மட்டும் தள்ளி ஒட்டிட்டோம். திட்டு வாங்கினோம். தாட்சாயிணி மேடம் வந்து பாத்துட்டு, படிக்கத் தெரியுது, போதும்னாங்க."

எனக்கு உடம்பு லேசானது. உண்மையான பெட்டிகளில் பொட்டும் ஸ்டிக்கரும் பக்கத்துப் பக்கத்தில். இப்போது இருப்பவற்றில் ஒன்றின் மேல் ஒன்று. தாட்சாயிணி சுத்தம்.

"படம் ஏதாவது இருக்கா?"

ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கைபேசியை நீட்டினாள். பூஜை நாள். புதுப் புடவையில் எல்லம்மா ஒரு பெட்டியில் சாய்ந்து சிரிக்கிறாள். தோளுக்கு அருகில் பொட்டு. ஸ்டிக்கர் இல்லை. "இது போதும், எனக்கு அனுப்பும்மா" என்று சொல்லி வேனை நோக்கி நடந்தேன்.

துலுக்கானம் உடனே வரவில்லை. அந்தப் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

*

திருமழிசை வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் ஒரு தண்ணீர் லாரி வழிவிடாமல் போனது. அதையும் திட்டவில்லை. துலுக்கானம் பேசாமல் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை.

"என்னடா?"

"ஒண்ணுல்ல ஐயா."

"பொய் சொல்லாத. உனக்கு அது வராது."

வண்டியை ஓரம் கட்டினான். எல்லம்மாவின் படத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். "பொட்ட மட்டும் பாருங்க."

பார்த்தேன். வட்டமாகச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"இப்ப குடோன்ல பாத்த பொட்ட நெனச்சிப் பாருங்க."

நினைத்தேன். ஒழுங்கான பொட்டு. முறை தெரிந்தவர் வைத்தது. அவன் மெதுவாக டாஷ்போர்டில் விரல் வைத்தான். சந்தனம். அதற்குக் கீழே, தனியாக, குங்குமம்.

பிறந்தது முதல் நான் பார்த்து வளர்ந்த பொட்டு. அதனால்தான் அது எனக்கு ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது. கண் முன்னால் நின்றும் நான் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக் கை. இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படி வைப்பதில்லை. அந்தக் கிடங்கில் புழங்கிய எங்கள் வீட்டுக் கைகள் இரண்டு. ஒன்று என் மகனுடையது. மற்றது தாட்சாயிணியுடையது. ஜெயப்பிரியாவிடம் இந்தப் பொட்டைக் காட்டினால், முதலில் யார் பெயரைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். காப்பாற்றப் போன சாட்சியே தாட்சாயிணியை இறுக்கிவிடும். சொல்லாவிட்டால் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் அறிக்கை போகும்.

"ஐயா" என்றான் துலுக்கானம், சாலையைப் பார்த்துக்கொண்டே. "எனக்குக் கண்ணு மங்கல். நான் எதையும் பாக்கல. நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்."

தூறல் விழத் தொடங்கியது. கண்ணாடியில் துடைப்பான் கீச்சிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது அந்தக் குழந்தையின் கையைப் பலகையில் வைத்துக் கட்டியிருந்தது நினைவுக்கு வந்தது.

"வண்டியை எடு" என்றேன்.

*

ஜெயப்பிரியா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். உதவி இயக்குநர். குறைவாகப் பேசுகிற, உயரமான பெண்மணி. பக்கத்தில் தாட்சாயிணி. கண்கள் வீங்கியிருந்தாலும் நான் சொன்னபடி நிமிர்ந்து நின்றாள். கார்த்திகேசன் இன்னும் நடந்துகொண்டிருந்தார். தமிழரசு ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மாதிரியில நல்ல பழம், கிடங்குல கெட்ட பழம்" என்றார் ஜெயப்பிரியா. "எனக்குப் புரியறது ஒண்ணுதான். மாதிரி இந்தச் சரக்குலேருந்து எடுத்தது இல்லை."

"சரக்குதான் மாறியிருக்கு மேடம்" என்றேன். எல்லம்மாவின் படத்தைக் காட்டினேன். ஸ்டிக்கரை, பொட்டை, எது முன்னால் எது பின்னால் என்பதைச் சொன்னேன். அவர் பெட்டி அருகே போய்க் குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நிமிரும்போது முகம் மாறியிருந்தது.

"அப்ப பொட்டு வெச்சது யாரு?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஒரு சின்ன வேலை. எல்லாரும் ஒத்துழைக்கணும்."

சுவரில் இருந்த சாமி மாடத்திலிருந்து சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்து வந்தேன். சந்தனத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். ஒரு காலி அட்டைப் பெட்டியை மேசையில் வைத்தேன்.

"ஒவ்வொருத்தரா வந்து ஒரு பொட்டு வைங்க."

"இதென்ன விளையாட்டு?" என்றார் கார்த்திகேசன். ஆனாலும் வந்து சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமத்தை அழுத்தினார்.

துலுக்கானமும் நடுவில். "என் ஊட்ல நான் பொட்டு வெச்சா பொண்டாட்டி அழிச்சிட்டு மறுபடி வெப்பா. பாத்துக்கோங்க மேடம்."

தாட்சாயிணி வந்தாள். எதையும் யோசிக்கவில்லை. மோதிர விரலால் சந்தனம். அதற்குக் கீழே, தனியாக, குங்குமம். விரலைத் துடைத்துக்கொண்டு விலகினாள்.

ஜெயப்பிரியாவின் பார்வை மேசையிலிருந்து அடுக்குக்குப் போனது. மறுபடி மேசைக்கு வந்தது. "தாட்சாயிணி" என்றார், மிக மெல்ல. "நீங்க வெச்ச மாதிரியேதான் அங்கயும் வெச்சிருக்கு."

தாட்சாயிணி அடுக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பெரியப்பா, நீங்களா இதைச் செய்தீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. "அப்படியேதான் கீது" என்று துலுக்கானம் வாய்க்குள் முனகினான். கார்த்திகேசன் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி" என்றேன். "தமிழரசு, நீ வை."

அவன் வந்தான். இப்போது எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. சந்தனத்தைத் தொட்ட விரல் ஒரு கணம் நின்றது. வட்டமாக வைத்தான். பிறகு குங்குமத்தை எடுத்து, கவனமாக, ஒரு துளி பிசகாமல், சந்தனத்தின் நடுவில் வைத்தான்.

முப்பது வயதைத் தாண்டிய என் மகன் முதல் முறையாக எங்கள் வீட்டு வழக்கத்தை விட்டு ஒரு பொட்டு வைத்தான்.

"மேடம்" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "அங்க நிக்குற வண்டியைப் பாருங்க. ஆயுத பூஜைக்கு அதுக்குப் பொட்டு வெச்சது இவன்."

எல்லோரும் திரும்பினார்கள். பெட்டி தூக்கும் வண்டியின் மஞ்சள் நெற்றியில் காய்ந்த சந்தனம். அதற்குக் கீழே குங்குமம்.

"நாங்க பொட்டு வெக்கிறது இப்படித்தான். நானும், என் தம்பி மகளும், இவனும். அவ மறைக்க ஒண்ணும் இல்லாததால வீட்டுல வெக்கிற மாதிரியே வெச்சா. இவன் ஏன் மாத்தி வெச்சான்னு அவனையே கேளுங்க."

தமிழரசு கீழே பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கேட்கும் முன்பே பேசினான்.

"தாத்தா நிலம்பா. என்ன ஆனாலும் விக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. கிடங்கு ஓடலை. போன வருஷச் சரக்கை நான் புதைக்கலை. எதுக்காவது ஆகும்னு வெச்சிருந்தேன். நல்ல சரக்கு தீபாவளிப் பரிசுப் பெட்டிக்குப் போயிடுச்சு. இத வெச்சி ஒப்பேத்திடலாம்னு…"

"வித்திருக்கலாம்" என்றேன்.

"தாட்சா பேர் கெடும்னு நான் நினைக்கலைப்பா."

"அந்தக் குழந்தையையாவது நினைச்சியா?"

கார்த்திகேசன், "என் சரக்குடா அது" என்று பாய்ந்தார். துலுக்கானம் குறுக்கே நின்று அவரைத் தோளோடு அணைத்து வெளியே நடத்திப் போனான். "நீ இப்ப அட்ச்சா கேஸ் உன் மேல திரும்பும் நைனா. வா, ஒரு டீ சாப்புடலாம்."

ஜெயப்பிரியா என்னைப் பார்த்தார். "சார், உங்க வாக்குமூலம் வேணும். மகன்னு…"

"எழுதிக்குங்க. வரதன், கோதண்டம் மகன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

போலீசுக்குச் சொன்னார்கள். தமிழரசு என் காலடியில் உட்கார்ந்திருந்தான். நான் அவனைத் தொடவில்லை. எழுந்திரு என்றும் சொல்லவில்லை. வண்டி வந்ததும் அவனே எழுந்து போனான்.

பிறகு கிடங்கைப் பூட்டி சீல் வைக்க வேண்டியிருந்தது. பூட்டின் மேல் துணி சுற்றினார்கள். தாட்சாயிணி தன் பையிலிருந்து அரக்குக் கட்டியையும் மெழுகுவர்த்தியையும் எடுத்தாள். நாள் முழுவதும் குற்றவாளிபோல் நின்ற கை, இப்போது வேலை செய்யும் கையாக இருந்தது. தலைக்கு மேலே அவள் தாத்தாவின் பெயர் எழுதிய பலகையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"யார்கிட்டயாவது தீப்பெட்டி இருக்கா?" என்று ஜெயப்பிரியா கேட்டார்.

எல்லோரும் பையைத் தடவினார்கள். துலுக்கானம் தன் பையைத் தடவவில்லை. என்னைப் பார்த்தான். உடனே ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சட்டைப் பையில் கை விட்டேன். முதல் குச்சி ஈரத்தில் நமுத்துப்போய்ப் பற்றவில்லை. அடுத்தது பற்றியது; மெழுகுவர்த்தியை ஏற்றினேன். காற்றில் அணையாதபடி உள்ளங்கையால் மறைத்து, அரக்கு உருகிப் பூட்டின் மேல் சொட்டும்வரை, தாட்சாயிணிக்குச் சுடரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.